சிட்டை இரண்டு கூரையின் கீழ் இருக்கட்டும்

கேள்வி: அன்புள்ள அக்கா, கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்குகிறோம். அன்றாட எடை, கழிவு, முன்பணம் எல்லாம் போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸில் ஏறுகிறது. போன ஐப்பசி மழையில் சர்வரின் டிஸ்க் போய்விட்டது. மூன்று நாள் எடையை ரசீதைப் பார்த்து மறுபடி ஏற்றினோம். இப்போது முதலாளி இன்னொரு மெஷின் வாங்கித் தந்திருக்கிறார். பழையதற்குப் பக்கத்திலேயே வைத்து, அதன் நகலோடு தயாராக நிற்கும் ஸ்டாண்ட்பை சர்வர் ஆக்கச் சொல்கிறார். அது போதுமா? ஒன்று விழுந்தால் மற்றது தானாகவே பொறுப்பேற்கும்படி செய்யலாமா? தினசரி பேக்கப்பை நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: தம்பி, அந்த ரசீது வேலையை நானும் குன்னூரில் செய்திருக்கிறேன். ஈரத்தில் மை பரவி, 18 கிலோவா 13 கிலோவா என்று தெரியாத ஒரு சீட்டை வைத்துக்கொண்டு, அந்த விவசாயி வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவர் மனைவி காலண்டரில் குறித்து வைத்திருந்தார், 18 என்று. அஞ்சு கிலோ அவர்களுக்குப் பெரிய விஷயம். அதனால் உங்கள் முதலாளி மெஷின் வாங்கித் தந்ததே எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அதைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஸ்டாண்ட்பை எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பழைய கணக்குப்பிள்ளைகள் வரவு செலவை முதலில் சிட்டையில் எழுதிவிட்டு, அப்புறம் பேரேட்டில் ஏற்றுவார்கள். போஸ்ட்கிரெஸ்ஸும் அதைத்தான் செய்கிறது. எந்த மாற்றமும் முதலில் ‘வால்’ என்கிற சிட்டையில் விழும், பிறகுதான் டேபிளின் கோப்புகளுக்குப் போகும். சிட்டையின் ஒவ்வொரு கோப்பும் 16 எம்பி. ரெப்ளிகேஷன் என்பது இந்தச் சிட்டையை வரிக்கு வரி இன்னொரு மெஷினுக்கு அனுப்பி, அங்கேயும் அதே பேரேட்டை எழுத வைப்பது. 2010-இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து இது நேரடியாக நெட்வொர்க்கில் ஓடுகிறது.

அமைப்பது கடினமில்லை. இரண்டிலும் ஒரே மேஜர் பதிப்பு இருக்க வேண்டும். பிரைமரியில், அதாவது இப்போது எடை ஏறும் மெஷினில், ரெப்ளிகேஷன் உரிமையோடு ஒரு யூசர், யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் பிஜி-ஹெச்பிஏ கோப்பில் அவருக்கு ஒரு வரி. புது மெஷினில், பிரைமரியை முழுதாக நகலெடுக்கும் பிஜி-பேஸ்பேக்கப் கருவியைப் பெரிய எழுத்து ‘ஆர்’ ஆப்ஷனோடு ஓட்டினால், தேவையான அமைப்பை அதுவே எழுதிக்கொள்ளும். பழைய குறிப்புகளைப் பார்த்து ரிகவரி.கான்ஃப் என்கிற அமைப்புக் கோப்பை மட்டும் உருவாக்காதீர்கள். 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அந்தக் கோப்பு இருந்தால் சர்வர் எழவே மறுக்கும்.

சரி, எங்கே வைப்பது? ஒரே மேஜை, ஒரே யுபிஎஸ், ஒரே எர்த் என்றால் ஒரு இடிக்கு இரண்டும் போகும். நம் மலையில் சித்திரை மழையின் இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2009 நவம்பர் மண்சரிவையும் பார்த்தவர்கள் நாம். வேறு கூரை, வேறு மின்சார லைன் வேண்டும். முதலாளி வீடு அரவேனு பக்கம் என்றால் அங்கே வையுங்கள். மேட்டுப்பாளையத்தில் குடோன் இருந்தால் இன்னும் நல்லது. நடுவில் விபிஎன், அதாவது வெளியார் படிக்க முடியாத தனி இணைப்பு, கட்டாயம். போஸ்ட்கிரெஸ் கேட்கும் 5432 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள், விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண் அதற்குள் இருக்கிறது.

தூரமாக வைத்தால் லைன் அறுபடும். அதற்குத் தயாராக இருக்க வேண்டும், இதில்தான் நான் ஒருமுறை அடிபட்டேன். ஸ்டாண்ட்பை வாங்கிக்கொள்ளும்வரை சிட்டையை அழிக்காதே என்று பிரைமரிக்குச் சொல்ல ‘ரெப்ளிகேஷன் ஸ்லாட்’ இருக்கிறது. நல்ல வசதி. அதோடு, சிட்டைக் கோப்பு நிரம்பாவிட்டாலும் அதை மூடிப் புதுக் கோப்புக்குப் போகச் சொல்லும் ஆர்கைவ் டைம்அவுட்டை 60 விநாடி என்று வைத்திருந்தேன். ஒரு நாள் கற்பூர மரம் ஒன்று ஃபைபர் கேபிள்மேல் விழுந்தது. எடை போடும் நேரத்தில் நிமிடத்துக்கு ஒரு பதிவாவது வரும். அதனால் நிமிடத்துக்கு ஒரு 16 எம்பி கோப்பு, உள்ளே நாலு வரிதான் இருந்தாலும். பத்து மணி நேரத்துக்கு 600 கோப்பு, 9.6 ஜிபி. சிட்டைக்கு ஒதுக்கிய 40 ஜிபி ஐந்தாம் நாள் காலையில் நிரம்பி, பிரைமரி நின்றுவிட்டது. பாதுகாப்புக்கு வைத்த மெஷினால் நல்ல மெஷின் விழுந்தது. வெளியே இலை வண்டிகள் வரிசையில் நிற்கின்றன, கொழுந்து வெயிலில் வாடுகிறது.

13-ஆம் பதிப்பிலிருந்து, ஒரு ஸ்லாட் அதிகபட்சம் எவ்வளவு பிடித்து வைக்கலாம் என்று வரம்பு போடலாம். அமைப்பின் பெயர் மேக்ஸ்-ஸ்லாட்-வால்-கீப்-சைஸ். முதல் நாளே போட்டுவிடுங்கள். வரம்பு தாண்டினால் ஸ்டாண்ட்பையை மறுபடி பேஸ்பேக்கப்பிலிருந்து கட்ட வேண்டும், அவ்வளவுதான். எடை மேடை நிற்காது.

இதே காரணத்துக்காக சின்க்ரனஸ் முறைக்கும் போகாதீர்கள். அதில் ஸ்டாண்ட்பை ‘வாங்கிக்கொண்டேன்’ என்று சொன்னால்தான் பிரைமரியில் கமிட், அதாவது பதிவு உறுதியாவது, முடியும். ஒரே ஒரு ஸ்டாண்ட்பை, அதுவும் லைன் போய்விட்டால், திரை அப்படியே உறைந்து நிற்கும். ஸ்டாண்ட்பைக்காகக் காத்திருக்காத அசின்க்ரனஸில் சில விநாடிப் பதிவு போகலாம். நாலு ரசீது ஏற்றுவது மூன்று நாள் ரசீது ஏற்றுவதைவிட எவ்வளவோ மேல்.

தானாகப் பொறுப்பேற்பது வேண்டாம். இரண்டே மெஷின் இருக்கும்போது, லைன் அறுந்ததா பிரைமரி செத்ததா என்று ஸ்டாண்ட்பைக்குத் தெரியாது. இரண்டும் ‘நானே பிரைமரி’ என்று எழுத ஆரம்பித்தால் இரண்டு பேரேடு. எது நிஜம் என்று பிரிப்பது பெரும் பாடு. நீங்களே ஃபோனில் விசாரித்து, பழையது உண்மையிலேயே அணைந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, பிறகு ஸ்டாண்ட்பையைப் பிரைமரி ஆக்கும் பிஜி-ப்ரோமோட் கொடுங்கள். பழைய மெஷினை அப்புறம் அப்படியே ஆன் செய்யக்கூடாது. ஸ்டாண்ட்பையாக மாற்றித்தான் சேர்க்க வேண்டும்.

பேக்கப்பை நிறுத்தவே கூடாது. எந்த விவசாயிக்கு என்று சொல்லும் ‘வேர்’ நிபந்தனை போடாமல் யாராவது அப்டேட் கொடுத்து எல்லா விவசாயிக்கும் ஒரே முன்பணம் ஆக்கினால், அடுத்த விநாடி ஸ்டாண்ட்பையிலும் அதே தப்பு இருக்கும். சிட்டையில் உள்ளதை அது நம்பிக்கையோடு எழுதும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்கிற மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே விரிவாக வெளியிட்டார்கள். ரெப்ளிகேஷன் பின்தங்கியதைச் சரிசெய்யப் போன பொறியாளர், ஸ்டாண்ட்பையில் அழிப்பதாக நினைத்து பிரைமரியின் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். இரவு பேக்கப்பைத் தேடினால், டம்ப், அதாவது டேட்டாபேஸின் நகல் கோப்பு, எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, சர்வர் 9.6, பொருந்தாததால் பேக்கப் எடுபடாமலே இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. சுமார் ஆறு மணி நேரப் பதிவு போனது. அவ்வளவு பெரிய இடத்திலேயே இது நடந்தது என்பதால்தான் சொல்கிறேன்: தினமும் டம்ப் எடுங்கள், மாதம் ஒருமுறை வேறு மெஷினில் திருப்பி ஏற்றி, ஒரு விவசாயியின் மாத எடை சரியாக வருகிறதா என்று பாருங்கள். எது எது என்று குழம்பாமல் இருக்க, மெஷின்களுக்கு டிபி1, டிபி2 என்று பெயர் வைக்காதீர்கள். என்னுடையவை மேல்வீடு, கீழ்வீடு. மேல்வீட்டு டெர்மினலின் பின்னணி சிவப்பு.

ஒரு வேண்டுகோள். இலை குறைவாக வரும் பனிக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரைமரியை வேண்டுமென்றே அணைத்து ஒத்திகை பாருங்கள். எடை மேடையில் இருப்பவர் உடன் இருக்கட்டும். புது சர்வரின் முகவரியை எங்கே மாற்ற வேண்டும் என்று அவர் கையாலேயே மாற்றிப் பார்க்கட்டும்.

கேள்வி: ஸ்டாண்ட்பையில் மாதாந்திர ரிப்போர்ட் ஓட்டலாமா? பாதியில் ரத்தாகிவிடுகிறது.
— ஒரு வாசகி, கூடலூர்

பதில்: தாராளமாக ஓட்டலாம் அம்மா, படிக்க மட்டும். உங்கள் ரிப்போர்ட் படித்துக்கொண்டிருக்கும் பழைய வரிகளைத் துடைக்கச் சொல்லி பிரைமரியிலிருந்து செய்தி வந்தால், ஸ்டாண்ட்பை 30 விநாடி பொறுத்துவிட்டு ரிப்போர்ட்டை ரத்து செய்யும். மேக்ஸ்-ஸ்டாண்ட்பை-ஸ்ட்ரீமிங்-டிலே என்பதைப் பத்து நிமிடம் ஆக்குங்கள். அந்த நேரம் ஸ்டாண்ட்பை பின்தங்கலாம், ரிப்போர்ட் முடிந்ததும் தானே எட்டிப் பிடித்துவிடும்.