தலைச்சுற்றல் பரிசோதனை தொடங்குவோருக்கு: கேள்வி–பதில்

கேள்வி: செவித்திறன் பரிசோதனை மட்டும் செய்துவரும் கிளினிக் எங்களுடையது. தலைச்சுற்றல் பரிசோதனையும் சேர்க்க விரும்புகிறோம். முதலில் எந்தக் கருவியை வாங்குவது?

பதில்: கட்டில். விளையாட்டாகச் சொல்லவில்லை. நோயாளியைச் சட்டென்று சாய்த்துத் தலையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட வேண்டும். அதற்கு மூன்று பக்கமும் நீங்கள் நின்று வேலை செய்ய இடமுள்ள, ஆடாத கட்டில் வேண்டும். அடுத்தது அகச்சிவப்புக் கேமரா பொருத்திய கண்ணாடி. பார்வை ஓரிடத்தில் நிலைத்தாலே உட்செவியிலிருந்து வரும் நிஸ்டாக்மஸ் (கண் தானாக நகர்ந்து துள்ளும் அசைவு) பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே இருட்டில் கண்ணைப் பதிவு செய்ய முடியாத இடத்தில் வேறு எதை வாங்கியும் பயனில்லை. இந்த இரண்டை மட்டும் வைத்தே பிபிபிவி (உட்செவியின் அரைவட்டக் கால்வாயில் துகள் நகர்ந்து, தலையசைவில் சுற்றல் தரும் நோய்) நோயாளிகளைக் கண்டுபிடித்துவிடலாம், உங்களிடம் வருபவர்களில் அவர்கள்தான் ஏராளம். பிறகு கலோரிக்கோடு (காதுக்குள் வெப்பமான, குளிர்ந்த தண்ணீரோ காற்றோ செலுத்தும் சோதனை) சேர்ந்த முழு விஎன்ஜி (கண்ணசைவைக் கேமராவில் பதியும் சோதனைத் தொகுப்பு), அதன்பின் விஹிட் (தலையைச் சட்டென்று திருப்பிக் கண்ணசைவை அளக்கும் சோதனை), கடைசியில் வெம்ப் (ஒலிக்குத் தசை காட்டும் துலங்கலை அளக்கும் சோதனை). சுழல் நாற்காலியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பரிசோதிப்பவர் பயிற்சி பெற்ற பிறகுதான் கருவி வர வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்த கிளினிக்குகளில் உறை பிரிக்காத கண்ணாடிகள் அலமாரியில் கிடக்கின்றன.

கேள்வி: ஆடியோமெட்ரி அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முடியாது. ஏறக்குறைய 3 மீட்டருக்கு 4 மீட்டர் தனி அறை தேவை. விளக்கை அணைத்தால் கதவிடுக்கில்கூட வெளிச்சம் வரக்கூடாது. தண்ணீர்க் கலோரிக் என்றால் வடிகால் வேண்டும். எந்தக் கலோரிக் என்றாலும் வாந்திப் பாத்திரம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம் போதுமா?

பதில்: வரலாறு கேட்கவே அது சரியாக இருக்கும். முழுப் பரிசோதனைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: கலோரிக்குக்குக் காற்று நல்லதா, தண்ணீர் நல்லதா?

பதில்: தண்ணீர் வலுவான, சீரான துலங்கலைத் தரும்: 30, 44 டிகிரி, 30 விநாடி, சுமார் 250 மில்லி. காற்று சுத்தமானது, நோயாளிக்கும் எளிது: 24, 50 டிகிரி, 60 விநாடி. ஆனால் குழாய் முனை செவிப்பறையை நேராகப் பார்க்காவிட்டால் காற்று செவிக்குழாய்ச் சுவரைச் சூடாக்கிவிட்டுப் போய்விடும். நீங்களும் அந்தக் காது பலவீனம் என்று எழுதிவிடுவீர்கள். எதுவானாலும் தலையை 30 டிகிரி உயர்த்துங்கள், இரண்டு ஊற்றல்களுக்கு நடுவே 5 நிமிடமாவது விடுங்கள். முதலில் காதுக்குள் பாருங்கள். குறும்பி இருந்தால் எடுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் கூடவே கூடாது. காற்றிலும் எச்சரிக்கை தேவை: ஈரமான நடுச்செவியில் வெப்பக்காற்று பட்டு ஈரம் ஆவியாகும்போது காது குளிர்ந்து, நிஸ்டாக்மஸ் எதிர்த்திசையில் அடிக்கலாம்.

கேள்வி: எங்கள் மென்பொருள் “வலப்பக்கம் 24% பலவீனம், புற வெஸ்டிபுலர் கோளாறு” (உட்செவிச் சமநிலை உறுப்பிலோ அதன் நரம்பிலோ கோளாறு) என்று தானே அறிக்கை தருகிறது. அதையே கையெழுத்திட்டு மருத்துவருக்கு அனுப்புகிறோம். சரிதானே?

பதில்: சரியில்லை. இந்தப் பழக்கத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் கடிதம் வருவது நிற்கவில்லை, எனவே கணக்கோடு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய தாளில் மெதுவீச்சின் (நிஸ்டாக்மஸில் கண் மெதுவாக நகரும் பகுதியின்) உச்ச வேகம், விநாடிக்கு டிகிரியில், இப்படி இருக்கிறது: வலது வெப்பம் 6, வலது குளிர் 20, இடது வெப்பம் 22, இடது குளிர் 20. வலப்பக்கம் கூட்டினால் 26, இடப்பக்கம் 42. வித்தியாசம் 16, மொத்தம் 68, ஆக 24%. மென்பொருளின் கணக்கில் பிழையில்லை, அதற்குக் கொடுத்த எண்ணில்தான் பிழை. நான்கில் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதே, கண்ணில் படவில்லையா? ஒரு காது உண்மையிலேயே பலவீனமாக இருந்தால் வெப்பம், குளிர் இரண்டுமே குறைய வேண்டும். அந்த ஒரு ஊற்றல் சரியாகப் போகவில்லை, அல்லது நோயாளி கண்ணயர்ந்துவிட்டார். திரும்பச் செய்து 6 இருந்த இடத்தில் 20 வந்திருந்தால் பலவீனம் 2% ஆகியிருக்கும். ஊற்றல் முடிந்ததும் நோயாளியைப் பேச வையுங்கள். 100-லிருந்து மும்மூன்றாகக் குறைத்துச் சொல்லட்டும், ஊர்ப் பெயர்களை அடுக்கட்டும். மனம் தூங்கினால் நிஸ்டாக்மஸும் தூங்கிவிடும்.

இன்னொரு வகைப் பிழையும் உண்டு. வலப்பக்க மொத்தம் 3, இடப்பக்க மொத்தம் 5 என்றால் மென்பொருள் “வலது 25% பலவீனம்” என்று அச்சடிக்கும். உண்மையில் இரண்டு பக்கமும் 6-க்குக் கீழே, அதாவது இருபக்கப் பலவீனம். அந்த நோயாளிக்குத் தேவையான சிகிச்சையே வேறு. விழுக்காட்டுக்கு முன் மொத்தத்தைப் பாருங்கள்.

உச்சம் என்று மென்பொருள் குறித்த இடத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். இமைத்தல் அங்கே நிஸ்டாக்மஸ் வேடம் போட்டிருக்கும். ஊற்றத் தொடங்கியபின் 60 முதல் 90 விநாடிக்குள் துலங்கல் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்குவது இயல்பு. வேறெங்கோ ஒற்றைப் புள்ளி தாவியிருந்தால் அதை அழியுங்கள்.

கடைசியாக, “கோளாறு” என்ற முடிவு. கலோரிக் சோதிப்பது கிடைமட்டக் கால்வாயையும் மேல் வெஸ்டிபுலர் நரம்பையும் மட்டுமே. வேறு கால்வாய்களைப் பற்றியோ, நோயின் பெயரைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. கையெழுத்து உங்களுடையது என்றால் வரைபடத்தைப் படித்ததும் நீங்களாக இருக்க வேண்டும்.

கேள்வி: விஹிட்டில் எல்லோருக்கும் கெயின் (தலை வேகத்துக்கு ஈடாகக் கண் நகரும் வேகத்தின் விகிதம்) 1.3-க்கு மேல் வருகிறது. கருவி பழுதா?

பதில்: பட்டை தளர்ந்திருக்கும். தலையோடு கண்ணாடியும் நழுவினால் கெயின் பொய்யாக ஏறும். பட்டையை இறுக்குங்கள், உங்கள் விரல் கண்ணாடியையோ பட்டையையோ தொடக்கூடாது. கேலிபரேஷனை (கருவியின் அளவைச் சரிசெய்தலை) திரும்பச் செய்யுங்கள். இலக்கு 1 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: கலோரிக் குறைவு, விஹிட் இயல்பு. எது தவறு?

பதில்: இரண்டும் சரியாகவே இருக்கலாம். கலோரிக் மிக மெதுவான அசைவுக்குச் சமம், விஹிட் வேகமான திருப்பம். மெனியர் நோயில் இந்த முரண் அடிக்கடி காணப்படும். இரண்டையும் அப்படியே அறிக்கையில் எழுதுங்கள், ஒன்றை மறைக்க வேண்டாம்.

கேள்வி: 68 வயதுக்காரருக்குக் கழுத்து வெம்ப் இரு பக்கமும் வரவில்லை. சாக்கூல் (உட்செவியின் சமநிலைப் பைகளில் ஒன்று) போய்விட்டதா?

பதில்: டிம்பனோகிராம் (நடுச்செவிச் சோதனைப் பதிவு) எங்கே? காற்று–எலும்பு இடைவெளி (காற்றுவழியும் எலும்புவழியும் கேட்பதில் உள்ள வித்தியாசம்) எவ்வளவு? இவற்றைச் சொல்லாமல் என்னிடம் கேட்டு என்ன பயன்? சிறிய ஒலிக் கடத்தல் குறைபாடே காற்றுவழி வெம்பை அழித்துவிடும். அப்படியிருந்தால் எலும்புவழியில் தூண்டுங்கள். கழுத்துத் தசை இறுக்கத்தை இஎம்ஜி (தசை மின்பதிவு) அளவில் கண்காணித்தீர்களா? 60-ஐத் தாண்டியவர்களிடம் வீச்சு குறைவதும் வழக்கம். வராததால் ஒலியை மேலும் மேலும் ஏற்றுவது ஆபத்து: 500 ஹெர்ட்ஸில் 95 டெசிபலே உரத்த ஒலி, அது காதைக் காயப்படுத்தக்கூடும்.

கேள்வி: டிக்ஸ்-ஹால்பைக் (நோயாளியைச் சட்டென்று சாய்த்துப் பார்க்கும் பிபிபிவி சோதனை) செய்தபோது நிஸ்டாக்மஸ் கீழ்நோக்கி அடித்தது. எப்ளி (தலையைத் திருப்பித் துகளை இடம் மாற்றும் சிகிச்சை) செய்யலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பின் கால்வாய் பிபிபிவி என்றால் சில விநாடி கழித்துத் தொடங்கி, மேல்நோக்கி, கீழே இருக்கும் காதுப் பக்கம் சுழன்று அடித்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். கீழ்நோக்கி அடித்து அடங்காமல் நின்றால் மூளை சார்ந்ததாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். முன் கால்வாய் பிபிபிவி அரிது.

கேள்வி: காலையிலிருந்து விடாமல் சுற்றுகிறது, நிற்க முடியவில்லை என்று ஒருவர் வந்தார். விஎன்ஜி செய்யலாமா?

பதில்: கூடாது. அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, புதிதாய்க் காது கேளாமை இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இப்படி விடாத சுற்றலில் தலைத் திருப்பச் சோதனை இயல்பாக இருப்பதுதான் (மூளை சார்ந்ததாக இருக்கலாம் என்பதால்) கவலைக்குரியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: சோதனைக்கு முன் மாத்திரைகளை நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: தலைச்சுற்றலை அடக்கும் மாத்திரைகளை 48 மணி நேரம் நிறுத்துவது வழக்கம், அதுவும் எழுதிக்கொடுத்த மருத்துவர் சம்மதித்தால் மட்டும். இதயம், இரத்த அழுத்தம், வலிப்பு, நீரிழிவு மாத்திரைகளைத் தொட வேண்டாம். நெடுநாள் தூக்க மாத்திரை எடுப்பவர் திடீரென நிறுத்துவது ஆபத்து. நிறுத்த முடியாததை அறிக்கையில் குறியுங்கள். மது 48 மணி நேரம் வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம். கண் மை துளிகூடக் கூடாது, கேமரா அதைக் கண்பாவை என்று பின்தொடரும். வீட்டுக்குக் கூட்டிப்போகத் துணைக்கு ஒருவர் வரட்டும்.

கேள்வி: எல்லாச் சோதனைகளையும் எந்த வரிசையில் செய்வது?

பதில்: காதுக்குள் பாருங்கள், கேலிபரேஷன் செய்யுங்கள், கண்ணசைவுச் சோதனைகள், பிறகு டிக்ஸ்-ஹால்பைக், அதன்பின் படுத்த நிலையில் தலையை இருபுறமும் திருப்பிப் பார்ப்பது. கலோரிக் எப்போதும் கடைசியில். அதை முதலில் செய்தால் மீதிச் சோதனைகளுக்கு நோயாளி ஒத்துழைக்க மாட்டார்.