பாக்கெட் தீனியில் தண்ணீர் ஊற்றலாமா? அண்ணாச்சி பதில்கள்

கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அண்ணாச்சி. பூனைத் தீனி பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும்:

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, எங்க பூனை பாக்கெட் தீனி மட்டும்தான் தின்னும். தண்ணீர்ப் பக்கமே போக மாட்டேங்குது. தீனியிலேயே ஊற்றிக் கொடுக்கலாமா?

தாராளமா கொடுங்க. பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. எலி, குருவி உடம்பில் இருந்த ஈரத்தை வைத்தே பெரும்பாலும் காலம் தள்ளிய இனம். அதனால் தேடிப் போய்த் தண்ணீர் குடிக்கும் குணம் அதற்குக் குறைவு. நாமோ சுமார் 10 சதவீதம் ஈரமுள்ள தீனியைப் போடுகிறோம். டின் உணவில் 75 சதவீதத்துக்கு மேல் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 கிலோ பூனைக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 200 மில்லி அளவில் தண்ணீர் வேண்டும். அது தின்னும் 60 கிராம் தீனியில் வருவது 6 மில்லி. தீனியின் எடைக்குச் சமமாக ஊற்றினால் 66 ஆகும். டின் உணவு அளவுக்குக் கொண்டுவர 150 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டும். அப்படிக் கூழாக்கினால் பெரும்பாலான பூனைகள் மோந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டிவிடும். ஆக, ஊறவைத்தாலும் தண்ணீர்க் கிண்ணம் தனியாக இருந்தே ஆக வேண்டும்.

மேலப்பாளையம்: காலையில் நனைத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன். ராத்திரி வரை தட்டில் கிடக்கும். பரவாயில்லையா?

கூடவே கூடாது தம்பி. பாக்கெட் தீனி கெடாமல் இருப்பதே ஈரம் இல்லாததால்தான். சூட்டில் வேகவைத்த தீனி என்றாலும், அதன் மேல் பிறகுதான் கொழுப்பைப் பூசுகிறார்கள். அந்தக் கட்டத்தில் சால்மோனெல்லா போன்ற கிருமி ஏறிக்கொள்ள வாய்ப்பு உண்டு. காய்ந்திருக்கும்வரை அது பெருகாது. தண்ணீர் பட்டால் பெருகும். ‘நாம பழைய சோறு சாப்பிடலையா’ என்று சிலர் கேட்பார்கள். அது தண்ணீருக்குள் மூழ்கிப் புளிக்கும் வெறும் சோறு. இது இறைச்சியும் கொழுப்பும் கலந்த மாவு. நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம், மற்ற நாளில் அதிகம் போனால் இரண்டு. அதற்குமேல் மிச்சத்தைக் கொட்டிவிட்டுத் தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வழவழப்பு ஒட்டியிருந்தால் கழுவியதாகவே அர்த்தமில்லை.

வீட்டில் இருக்கும்போது மட்டும் நனைத்துக் கொடுங்கள். கடைக்குப் போகும் நேரத்துக்கு உலர்ந்ததே போதும்.

அம்பாசமுத்திரம்: சுடுதண்ணீரா, பச்சைத் தண்ணீரா?

வெதுவெதுப்பான குடிதண்ணீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பி1 வைட்டமின் குறையும், நாக்கும் வெந்துபோகும். இளஞ்சூட்டில் வாசனை கிளம்புவதால் பூனை தானே வரும். பத்து நிமிடம் ஊறினால் போதும்.

உவரி: தண்ணீருக்குப் பதில் மீன் குழம்பு? அல்லது பால்?

குழம்பு வேண்டாம்மா. வெங்காயமும் பூண்டும் வெந்திருந்தாலும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். உப்பு, மசாலா எதுவும் போடாமல் மீனை அவித்த தண்ணீர் இரண்டு ஸ்பூன் சேர்க்கலாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிற்றால் போனால், இருக்கிற நீரும் வெளியேறிவிடும்.

தென்காசி: ஈரத்தீனி வைத்தால் எறும்பு மொய்க்கிறதே?

அகலத் தட்டில் தண்ணீர் விட்டு அதன் நடுவில் கிண்ணத்தை வையுங்கள். எறும்புச் சாக்பீஸை மட்டும் பக்கத்தில் கிழித்துவிடாதீர்கள். அதிலிருக்கும் பைரித்திராய்டு மருந்து பூனைக்கு விஷம். சாரல் காலத்தில் இன்னொன்று: திறந்த பாக்கெட்டை வாய்கட்டி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். தீனி நமத்துப் பூசணம் பிடித்திருந்தால் நனைத்துக்கூடக் கொடுக்காதீர்கள்.

வள்ளியூர்: எங்க கடுவன் அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறான், சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. தீனியில் தண்ணீர் கூட்டினால் சரியாகுமா?

இதைப் படித்ததும் கிளம்புங்கள். கடுவனுக்கு மூத்திரக் குழாய் ஒடுங்கியது, அடைத்துக்கொள்ளும். முழுசாக அடைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியோ பக்கத்தில் இருக்கும் மருத்துவரோ, யாரிடம் சீக்கிரம் போக முடியுமோ அங்கே போங்கள். தீனியில் தண்ணீர் சேர்ப்பதெல்லாம் அடைப்பு எடுத்த பிறகு, மறுபடி வராமலிருக்கத்தான்.

சங்கரன்கோவில்: நனைத்ததைத் தொடவே மாட்டேன் என்கிறது. பட்டினி போட்டால் வழிக்கு வருமா?

வராது, ஈரல்தான் கெடும். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படியும். பாதி உலர்ந்தது, பாதி ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுங்கள். அப்படியும் சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.