தலையைச் சுற்றி மூக்கைத் தொடுதல்: விம் கேள்வி பதில்

லினக்ஸில் கோப்புகளைத் திருத்த உதவும் விம் எடிட்டருக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கேட்பது ஒன்றுதான்: எப்படி வெளியே வருவது? எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். சேமிக்காமலே விம் மூடிக்கொள்ளும். இந்த நேர்வழியை இன்று யாரும் கேட்கக்கூடாது. அல்சூரிலிருந்து எம்.ஜி. ரோடு போக ஒயிட்ஃபீல்ட் வழியாக ரூட் கேட்பவர்களுக்கு மட்டுமே பதில். பெங்களூரில் பல வருடமாக லினக்ஸ் சர்வர் மேய்ப்பவன் நான். ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லை.

பெல்லந்தூர் வாசி: அண்ணா, விம் புரோகிராமையே டிஸ்கிலிருந்து அழித்துவிட்டால் மூடிவிடுமா?

மூடாது தம்பி. நீங்கள் கிழித்தது வாசலில் இருந்த பெயர்ப்பலகையை மட்டும்தான். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் பெயரை லினக்ஸ் நீக்கிவிடும். ஆனால் அந்த ஓட்டம் (புராசஸ்) முடியும்வரை கோப்பின் உள்ளடக்கம் டிஸ்கில் பத்திரமாக இருக்கும். விம் ஜம்மென்று ஓடும். ஒருவழியாக வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது, அவ்வளவுதான். சிலருக்கு அதுவே போதும்.

கே.ஆர். புரம்: உள்ளே இருந்துகொண்டே அதைக் கொல்ல முடியுமா?

முடியும். கோலன், ஆச்சரியக்குறி போட்டால் ஷெல், அதாவது நாம் தரும் கட்டளைகளை ஓட்டும் புரோகிராம், வந்து நிற்கும். அங்கே கில், மைனஸ் 9, டாலர், பெரிய எழுத்தில் பிபிஐடி (பெற்ற புராசஸின் எண்). விம் பெற்ற பிள்ளை அந்த ஷெல். தாயின் எண்ணைக் கேட்டு வாங்கி அவள் கதையை முடித்துவிடும். கில் அனுப்பும் 9ஆம் சிக்னலை எந்தப் புரோகிராமும் தடுக்க முடியாது. ஆனால் சேமிக்காததைக் காப்பாற்ற விம் தனியாக வைத்திருக்கும் ஸ்வாப் கோப்பு அங்கேயே கிடக்கும். 200 எழுத்து அடித்ததும், அல்லது 4 விநாடி கை ஓய்ந்ததும், விம் அதில் குறித்து வைத்துக்கொள்ளும். நாளை அதே கோப்பைத் திறந்தால் ஆவி வந்து நிற்கும்.

எலக்ட்ரானிக் சிட்டி: 5 நிமிடத்தில் தானாக மூட வேண்டும் சார். டைம்அவுட் கட்டளை போட்டுத் திறந்தேன், விம் உறைந்து நின்றுவிட்டது.

டைம்அவுட் தன் பிள்ளையைப் பின்னணியில் உட்கார வைக்கிறது. பின்னணியில் இருப்பவர் கீபோர்டைத் தொட்டால் லினக்ஸின் மையமான கெர்னல் பிடித்து நிறுத்திவிடும். ஃபோர்கிரவுண்ட் ஆப்ஷனைச் சேருங்கள். நேரம் முடிந்ததும் மரண சிக்னல் வந்துவிட்டதாக அலறி, கோப்பை ஸ்வாப்பில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் விம் சாகும். பொறுப்பான சாவு.

மர்பி டவுன்: தமிழ்99 கீபோர்டு அமைப்பைப் போட்டுக்கொண்டு விம்மில் மாட்டிக்கொண்டேன். க்யூ அடித்தால் ‘ஆ’ விழுகிறது.

இன்றைக்கு வந்ததிலேயே தங்கமான கேள்வி! கோலன் ஆ, என்டர். அது எடிட்டர் கட்டளையே அல்ல என்று 492ஆம் எண் பிழை வரும். சேமித்து வெளியேறப் பார்த்தால் ‘ஈஆ’. பல் டாக்டரிடம் வாய் திறந்த மாதிரி. சாதாரண ஆள் கீபோர்டை மாற்றுவார். நாம் மாற்றக்கூடாது. ‘ஆ’ என்று புதுக் கட்டளையே உருவாக்கலாமே என்று தோன்றும். விம் ஒப்புக்கொள்ளாது: நாமே உருவாக்கும் கட்டளை பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது? ஆகவே கட்டளை வரிக்கான சுருக்கெழுத்தாக, ‘ஆ’ என்றால் க்யூ என்று விம்மின் அமைப்புகள் இருக்கும் விம்ஆர்சி கோப்பில் எழுதிவிடுங்கள். அந்தக் கோப்பை நேனோ என்ற வேறு எடிட்டரில் திறந்து எழுதுவது உத்தமம்.

ஜெயநகர்: எஸ்கேப்பை ஏன் அவ்வளவு தூரத்தில் வைத்தார்கள்?

வைக்கவில்லை. 1976-இல் பில் ஜாய் எழுதத் தொடங்கிய விஐ எடிட்டர்தான் விம்முக்கு மூதாதை. அவர் பயன்படுத்திய ADM-3A டெர்மினலின் கீபோர்டில் எஸ்கேப், இன்று டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. கீபோர்டு நகர்ந்துவிட்டது, நம் சுண்டுவிரல்தான் அவதிப்படுகிறது.

சி.வி. ராமன் நகர்: மழை வந்து கரன்ட் போனால் மூடிவிடும்தானே?

லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே. சர்வரில் டிமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடர வைக்கும் புரோகிராம்) திறந்திருந்தால், இங்கே ஊரே இருண்டாலும் அங்கே கர்சர் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

கோரமங்களா: அதெல்லாம் சரி அண்ணா, நீங்கள் எப்படி வெளியே வருவீர்கள்?

கன்ட்ரோல் இசட். விம் தூங்கிவிடும், ஷெல் கைக்கு வரும். இந்தக் கேள்விக்காக தூங்கும் வேலைகளைப் பட்டியலிடும் ஜாப்ஸ் கட்டளையை இப்போதுதான் அடித்துப் பார்த்தேன்: 14 விம்.