பாதி தார், பாதி சரளை: சைக்ளோகிராஸ் வாங்கலாமா?

சைக்ளோகிராஸ் சைக்கிளில் ஒன்பது வருடமாகத் தார் ரோட்டிலும் சரளைப் பாதையிலும் ஓட்டி வருகிறேன். ஃபிரேமையும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்கையும் தவிர எல்லாப் பாகங்களையும் ஒரு முறையாவது கழற்றி மாற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து, வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, சைக்ளோகிராஸ், கிராவல் இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வளைந்த ஹேண்டில், டிஸ்க் பிரேக், கொஞ்சம் தடித்த டயர். பாதி தார், பாதி சரளை ஓட்டப்போகும் எனக்கு எது சரி?

சைக்ளோகிராஸ் என்பது சேற்றிலும் புல்லிலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மூச்சு முட்ட ஓட்டும் பந்தயம். தடுப்பு வந்தால் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். சைக்கிளின் வடிவமே அந்த ஒரு மணி நேரத்துக்காகச் செய்தது. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் தூரம் குறைவு, அதனால் சட்டென்று திரும்பும். பெடல் அச்சு கொஞ்சம் உயரமாக இருக்கும். தோளில் உறுத்தாமலிருக்கப் பல ஃபிரேம்களில் மேல்குழாயின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ-யின் பந்தய விதிப்படி டயர் 33 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பழைய ஃபிரேம்கள் பலவற்றில் அந்த அளவோடு சேறு உதிர இடம் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

கிராவல் சைக்கிள் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுவதற்கானது. நீளம் கூடுதல், பெடல் அச்சு தாழ்வு, 40 மி.மீ.க்கு மேற்பட்ட டயருக்கும் இடம் இருக்கும். சரளை இறக்கத்தில் கையை லேசாக வைத்தாலே நேராகப் போகும். சைக்ளோகிராஸை அதே இறக்கத்தில் கவனமாகப் பிடித்து ஓட்ட வேண்டும்.

என் கருத்து இது. இரண்டு மூன்று மணி நேரச் சவாரி, பாதை கெட்டியான சரளை, தார் ரோட்டில் துடிப்பாக ஓட வேண்டும் என்றால் சைக்ளோகிராஸ் அருமையான சைக்கிள். அதோடு வரும் சேற்று டயரை மட்டும் மாற்றினால் போதும். முழுநாள் சவாரி, முஷ்டி அளவு கற்கள், பை கட்டிய பயணம் என்றால் கிராவல். எதை வாங்கினாலும் பெயரைப் பார்க்காதீர்கள், எத்தனை மி.மீ. டயர் நுழையும் என்று முதலில் கேளுங்கள். ஃபிரேமுக்கும் டயருக்கும் இடையில் இரண்டு பக்கமும் குறைந்தது 4 மி.மீ., முடிந்தால் 6 மி.மீ. இடைவெளி வேண்டும். நான் முதல் வருடம் 35 மி.மீ. இடம் உள்ள ஃபிரேமில் 38-ஐ நுழைத்தேன். வீட்டில் சுற்றிப் பார்த்தபோது உரசவில்லை. ஈர மண்ணில் ஒரு மணி நேரம் ஓட்டியதும் டயரில் ஒட்டிய மணல் பின்பக்கக் குழாயின் பெயின்ட்டை உலோகம் தெரிய அரைத்துவிட்டது.

கேள்வி: அண்ணன் ஒருவர் பந்தயத்தில் ஓட்டிய பழைய சைக்ளோகிராஸைக் குறைந்த விலைக்குத் தருகிறார். டிஸ்க் இல்லை, ரிம்மை இரு பக்கமும் கவ்வும் கேன்டிலீவர் பிரேக். வாங்கலாமா?

பார்த்து வாங்கலாம். பந்தயச் சைக்கிளை ஒவ்வொரு வாரமும் பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவியிருப்பார்கள். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே பேரிங் கிரீஸ் கரைந்திருக்கும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் 'டக்' என்று ஒரு இடத்தில் நின்றால், ஹேண்டில் திரும்பும் பேரிங்கான ஹெட்செட் போய்விட்டது. பெடல் மாட்டிய கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடினால் அங்கேயும் பேரிங் போயிருக்கும். செயினில் 12 முழுக் கண்ணிகள் (உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் சேர்ந்தது ஒன்று) 12 அங்குலம் இருக்க வேண்டும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தாலே செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. இதெல்லாம் மாற்றக்கூடியவைதான், செலவை விலையில் கழியுங்கள். ஃபிரேமில் விரிசல் இருந்தால் மட்டும் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

பிரேக்கைப் பற்றி: இந்த ஃபிரேமில் பிறகு டிஸ்க் மாட்ட வழி இருக்காது, அதற்கான தாங்கி ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் இருக்க வேண்டும். கேன்டிலீவரில் முன்பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் படபடவென்று ஆடுவது பலருக்கும் தெரிந்த தொல்லை. கேபிள் மேலே ஹேண்டில் பக்கமிருந்து தொங்குகிறது. பிரேக் பிடித்ததும் ஃபோர்க் பின்னால் வளைகிறது, கேபிள் இன்னும் இறுகுகிறது, பிரேக் இன்னும் கடிக்கிறது, பிறகு விடுகிறது. இதுவே திரும்பத் திரும்ப நடக்கும். கேபிள் தாங்கியை ஃபோர்க்கின் தலையிலேயே மாட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். ரிம்மைக் கவ்வும் இன்னொரு வகையான, பிரேக் கையின் நீளம் 80 முதல் 90 மி.மீ. உள்ள மினி வி-பிரேக் மாட்டினால் இன்னும் நல்லது. சாதாரண வி-பிரேக் வேண்டாம், வளைந்த ஹேண்டிலில் இருக்கும் ரோடு லீவர் (பிரேக் பிடி) இழுக்கும் கேபிள் அதற்குப் போதாது. கூடவே ரிம்மின் பக்கத்தைத் தடவிப் பாருங்கள். உள்ளே குழிந்திருந்தால் மணல் தின்றிருக்கிறது, அந்தச் சக்கரம் வேண்டாம்.

கேள்வி: என் எடை 72 கிலோ. எந்த டயர், எவ்வளவு காற்று?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஃபிரேமுக்குச் செலவழிப்பதில் பாதி அக்கறையை இங்கே காட்டினால் சவாரியே மாறிவிடும்.

சைக்ளோகிராஸோடு வரும் டயர் 33 மி.மீ., முழுக்கக் கட்டை கட்டையாக இருக்கும். சேற்றுக்கு அது வேண்டும். தாரில் ஹம் என்று சத்தம் போடும், இழுக்கும், சீக்கிரம் தேயும், வளைவில் கட்டைகள் மடங்கும். நடுப்பகுதி வழவழப்பாகவோ மெல்லிய அரம் போன்ற கோடுகளோடோ, ஓரத்தில் மட்டும் சின்னக் கட்டைகளோடும் இருக்கும் டயர்தான் உங்களுக்கு. ஃபிரேம் அனுமதித்தால் 38 மி.மீ. போடுங்கள். அகலமான ரிம்மில் அதே டயர் ஒன்றிரண்டு மி.மீ. விரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டியூப் போட்ட 38-க்கு முன்னால் 40, பின்னால் 44 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று ஆரம்பியுங்கள். டியூப்லெஸ் என்றால் முன்னால் 32, பின்னால் 35. ரோடு சைக்கிளில் 90, 100 அடித்துப் பழகியவர்களுக்கு இது பஞ்சரான டயர் மாதிரித் தோன்றும். ஆனால் சரளையில் இறுக்கமான டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளுகிறது. துள்ளும்போது போகிற சக்தி உங்கள் காலிலிருந்துதான் போகிறது. வழக்கமாகப் போகும் பாதையில் ஒவ்வொரு சவாரிக்கும் 2 பிஎஸ்ஐ குறைத்துக்கொண்டே வாருங்கள். ரிம் கல்லில் இடிப்பது எப்போது கைக்குத் தெரிகிறதோ, அதற்கு மேல் 3 பிஎஸ்ஐ ஏற்றி அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அளவு.

சரளை அதிகமென்றால் டியூப்லெஸ் நல்லது. ரிம் இடித்து டியூபில் பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும் தொல்லை இல்லை. ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் திரவமான சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள்.

கேள்வி: மேட்டில் திணறாமலும் தாரில் வேகமாகவும் போக கியர் எப்படி இருக்க வேண்டும்? முன்னால் ஒரு பல்சக்கரமா, இரண்டா?

பந்தய சைக்ளோகிராஸில் முன்னால் 46, 36 பற்கள் கொண்ட இரண்டு பல்சக்கரம், பின்னால் 11 முதல் 28 அல்லது 11 முதல் 32 பற்கள் வரையான அடுக்கு வருவது வழக்கம். 46-க்கு 11 போட்டு நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு சுமார் 49 கிலோமீட்டர். தாருக்கு இது தாராளம். மேட்டில்தான் பிரச்சினை: 36-க்கு 32 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 1.125 சுற்று ஓடும். செங்குத்தான சரளையில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும், உட்கார்ந்தே மிதிக்க ஒன்றுக்குக் கீழே வேண்டும்.

முன்னால் ஒற்றை 40, பின்னால் 11-42 போட்டால் 0.95 கிடைக்கும். செயினும் அவ்வளவாக விழாது. அதே 90 சுற்றில் உச்சம் 42-43 கிலோமீட்டர்தான், கியருக்கு கியர் இடைவெளியும் பெரிது. நண்பர்களோடு தாரில் கூட்டமாக ஓட்டுகிறவருக்கு அந்த இடைவெளி எரிச்சலாக இருக்கும், அவர் இரண்டே வைத்துக்கொள்ளட்டும். தனியாக ஓட்டுகிற எனக்கு ஒன்றே போதும்.

கேள்வி: ஹேண்டிலைத் திருப்பினால் ஷூ முனை முன்டயரில் படுகிறது. ஃபிரேம் குறையா?

குறை இல்லை. சின்ன அளவு ஃபிரேம்களில், நீளம் குறைவான வடிவத்தில் இது சகஜம். வேகமாக ஓட்டும்போது ஹேண்டில் அவ்வளவு திரும்பாது. நடை வேகத்தில் வளைத்துத் திருப்பும்போது மட்டும் வெளிப்பக்கக் காலைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். மட்கார்டு மாட்டினால் இன்னும் அதிகமாகப் படும், மாட்டும் முன் யோசியுங்கள்.

கேள்வி: அலுமினியமா, கார்பனா, ஸ்டீலா?

கையில் உள்ள பணத்துக்கு நல்ல பிரேக்கும் நல்ல சக்கரமும் எதில் கிடைக்கிறதோ அதில். 38 மி.மீ. டயரில் காற்றைச் சரியாக வைத்தால் அலுமினிய ஃபிரேம் கையைக் கொல்லும் என்ற பயம் பாதி போய்விடும். ஃபோர்க் மட்டும் கார்பனாக இருந்தால் எடை குறையும்.

கேள்வி: ஃபிரேம் அளவில் நான் 52-க்கும் 54-க்கும் நடுவில் வருகிறேன், மேடம். எதை எடுப்பது?

அந்த எண்களை விடுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அளவு அட்டவணையில் 'ஸ்டாக்', 'ரீச்' என்று இரண்டு இருக்கும். பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் குழாயின் உச்சி எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்பதை அவை சொல்லும். இப்போது வசதியாக ஓட்டும் சைக்கிளின் இந்த இரண்டோடும் ஒப்பிடுங்கள். பந்தய சைக்ளோகிராஸில் ஸ்டாக் குறைவாக இருந்தால் குனிந்து ஓட்ட வேண்டிவரும், கழுத்து வலிக்கும். 52, 54 இரண்டு ஃபிரேமும் பொருந்தினால், சரளைக்குச் சின்னதையே எடுப்பேன். ஹேண்டிலைப் பிடிக்கும் துண்டான ஸ்டெம்மை ஒரு சென்டிமீட்டர் நீளமானதாக மாற்றலாம், பெரிய ஃபிரேமைச் சுருக்க முடியாது.

கேள்வி: என்னிடம் இருக்கும் ரோடு சைக்கிளிலேயே 32 மி.மீ. டயர் போட்டு ஓட்டினால் என்ன?

இடம் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். இருக்கும் சக்கரத்தைக் கழற்றாமல், டயரின் இரண்டு பக்கமும் ஃபோர்க்கின் உச்சியிலும் 6 மி.மீ. ஆலன் கீயை நுழைத்துப் பாருங்கள். இப்போது இருப்பது 25 மி.மீ. டயராகி, கீ இறுக்கமாக நுழைந்தால் 32 நுழையாது. 28 போட்டு, கெட்டியான மண் பாதையில் மட்டும் ஒரு மாதம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் சரளை ஆசை விடவில்லை என்றால், அப்போது புதுச் சைக்கிளைப் பற்றிப் பேசலாம்.