நோவுக் குளிசை நகத்தைப் பழுதாக்குமா?

கேள்வி: உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன், வயது 47. போன மார்கழி மழைக்குள் கடும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயும் விரல் மூட்டும் முழங்காலும் விடாமல் நோகின்றன. பார்மசியில் டைக்ளோஃபெனாக் வாங்கி காலையும் இரவும் ஒவ்வொன்றாக நாலு மாதமாகப் போடுகிறேன். இப்போது பத்து விரல் நகத்திலும் குறுக்கே ஒரு பள்ளம். பெருவிரல் நகங்கள் மெலிந்து ஓரம் மேலே வளைகின்றன. குளிசையால்தான் என்று மகன் சொல்கிறான். உண்மையா? நிறுத்தவா?

பதில்: மகன் சொன்னது பாதி சரி, அம்மா. ஆனால் உங்கள் நகத்தில் இருப்பது இரண்டு வேறு விஷயங்கள், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது.

முதலில் குறுக்குப் பள்ளம். நகம் உருவாவது தோலுக்குள்ளே இருக்கும் வேரில். கடும் காய்ச்சல் உடம்பை வாட்டும்போது அந்த வேர் சில நாள் வேலையைக் குறைத்துவிடும், அந்த நாட்களில் உண்டான நகம் மெல்லியதாக இருப்பதால் பிறகு வெளியே வரும்போது பள்ளமாகத் தெரியும். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். மகனிடம் அடிமட்டத்தைக் கொடுத்து, நகம் தொடங்கும் தோலில் இருந்து பள்ளம் வரை அளக்கச் சொல்லுங்கள். 8, 9 மில்லிமீட்டர் வந்தால் அது வெளியே வந்து சுமார் மூன்று மாதம், தோலுக்குள் மறைந்திருந்த காலம் இன்னும் ஒரு மாதம் அளவில், கூட்டிப் பார்த்தால் மார்கழிக் காய்ச்சலில் போய் நிற்கும். குளிசையைத் தினமும் போடுகிறீர்கள், அதுதான் காரணம் என்றால் பத்து நகத்திலும் ஒரே இடத்தில் ஒரே ஒரு கோட்டோடு நின்றிருக்காது. அந்தப் பள்ளம் நகத்தோடு வளர்ந்து தானே போய்விடும், அதற்கு மருந்து வேண்டாம்.

மூட்டு நோவு இவ்வளவு நாள் இழுப்பதைப் பார்த்தால் எனக்குச் சிக்குன்குனியா ஞாபகம்தான் வருகிறது. இருந்தாலும் நகத்தில் ஊசியால் குத்தினது போலப் புள்ளிப் புள்ளியாகக் குழி இருக்கிறதா, தலையிலோ முழங்கையிலோ செதில் உதிர்கிறதா என்றும் பாருங்கள், சோரியாசிஸ் என்ற தோல் நோய் மூட்டையும் நகத்தையும் சேர்த்துப் பிடிக்கும்.

சரி, நோவுக் குளிசை நேரடியாக நகத்தைக் கெடுக்குமா? கெடுக்கும், ஆனால் மிக அரிது. சில குளிசைகள் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றால் நகம் அடித்தசையை விட்டுக் கழரும். பெனாக்ஸாப்ரோஃபென் என்ற மூட்டு நோவு மருந்தில் இது நிறையப் பேருக்கு நடந்தது. ஈரல், சிறுநீரகப் பாதிப்பில் வயதானவர்கள் இறந்ததால் 1982இல் அதைச் சந்தையில் இருந்தே எடுத்துவிட்டார்கள். இன்று இப்படி நகம் கழர்வதற்கு அதிகம் பேசப்படுவது டொக்ஸிசைக்ளின், எலிக்காய்ச்சல் வராமல் இருக்க தம்பலகாமம் பக்கம் வயலில் இறங்குகிறவர்களுக்குக் கொடுப்பார்களே, அதுதான். உங்களுக்கு நகம் கழரவில்லை, ஆகவே அந்தப் பயம் வேண்டாம்.

எனக்குக் கவலை உங்கள் பெருவிரல் நகம். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வழியாமல் கரண்டியில் நிற்பது போல நின்றால் அது குழிநகம், பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். இங்கேதான் மகன் சொன்னதில் பாதி உண்மையாகிறது. டைக்ளோஃபெனாக் வயிற்றின் உட்தோலைப் புண்ணாக்கும், அதில் இருந்து மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கசிந்தால் உங்களுக்கு வயிற்று நோவே வராமலும் இரும்பு தீர்ந்துபோகும். சாப்பிட்ட பிறகுதான் போடுகிறேன் என்று பலர் சொல்வார்கள், அது முழுப் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் குளிசை இரத்தத்தில் கலந்த பிறகும் அந்த வேலையைச் செய்கிறது, ஊசியாகப் போட்டாலும் அதேதான். கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது முன்பைவிட மூச்சு வாங்குகிறதா? மலம் தார் போலக் கறுத்து ஒட்டுகிறதா? அப்படிப் போனால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். உங்கள் வயதில் மாதவிடாய் அதிகமாகப் போவதும் இதே குறைவைக் கொண்டுவரும், அதை வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

ஆகவே டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள், அதைச் சடுதியாக நிறுத்துவதால் ஆபத்து இல்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும்: பார்மசியில் பெயர் எழுதாத கடதாசி உறையில் வேறு ஏதாவது சேர்த்துத் தந்தார்களா? அதில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை இருந்து வாரக்கணக்கில் போட்டிருந்தால் அதைச் சடுதியாக நிறுத்தக்கூடாது, வைத்தியர் சொல்லும்படி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். உறையையும் மிச்சக் குளிசைகளையும் அப்படியே கையில் கொண்டுபோங்கள். இப்போதைக்கு நோவுக்கு 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போடலாம், 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது, ஈரல் நோய் இருந்தால் அதுவும் கேட்டுத்தான்.

திருகோணமலை பெரியாஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் காட்டி ஹீமோகுளோபின், உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின் மூன்றும் பார்க்கக் கேளுங்கள், பிரஷரையும் அளக்கச் சொல்லுங்கள், நாலு மாதக் குளிசை அதையும் ஏற்றியிருக்கலாம். இரும்புக் குளிசை தந்தால் பிளேன்டீயோடு போட வேண்டாம், சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கிற பழக்கத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள், தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. மட்டி, கீரி மீன், ஈரல் எல்லாம் நன்றாகச் சாப்பிடலாம். இரும்புக் குளிசை போடும்போதும் மலம் கறுக்கும், ஆனால் தார் போல ஒட்டாது, நாற்றமும் அப்படி இருக்காது.

கடைசியாக வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: அடுத்த மழைக்கு யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டெங்கு இல்லை என்று தெரியும் வரை டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், அஸ்பிரின் மூன்றையும் தொடக்கூடாது.