லண்டன் வீட்டு முன்பணம்

கேள்வி: லண்டனில் படிக்கப் போகும் என் மகளிடம் வீட்டுக்காரர் ஐந்து வார வாடகையை முன்பணமாகக் கேட்கிறார். நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குள் என்றால் அதுதான் சட்ட உச்சவரம்பு. பணம் வாங்கிய 30 நாளுக்குள், அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் அவர் பதிய வேண்டும். பதிந்தாரா என்று திட்டத்தின் இணையதளத்தில் மகளே பார்த்துவிடட்டும். பதியாவிட்டால் நீதிமன்றம் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை அபராதம் வாங்கித் தரும். ஆனால் வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. இதை முதலிலேயே கேளுங்கள்.

பிடித்தம் பெரும்பாலும் சுத்தம் செய்யும் செலவு என்றே வரும். சாவி வாங்கிய அன்றே அடுப்பின் உட்புறம், மெத்தை, கம்பளக் கறை எல்லாவற்றையும் படமெடுத்து அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். இயல்பான தேய்மானத்துக்குப் பிடிக்க முடியாது. தகராறு வந்தால் திட்டமே இலவசமாகத் தீர்த்து வைக்கும். சேதத்தை நிரூபிக்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.