தோட்டத்துத் தரைக்கு மலிவாக எந்தக் கல் போடலாம்?

வீட்டுக்குப் பின்னால் 10க்கு 10 அடி இடத்தில், சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காருகிற மாதிரி, குறைந்த செலவில் கல் பதிக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்வது சிமெண்ட் பேவர் பிளாக், அதாவது அச்சில் வார்த்த கான்கிரீட் கல்.

கடப்பாக்கல் மலிவுதான், ஆனால் திறந்தவெளிக்கு வேண்டாம். கறுப்புக் கல் வெயிலை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். மதியம் வெறுங்காலை வைக்க முடியாது. பாலிஷ் போட்டதாக இருந்தால் மழையில் வழுக்கும், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பயம்தான்.

பேவரில், நடப்பதற்கு மட்டும் என்றால் 50 மி.மீ. கனமும் எம்-30 தரமும் (கான்கிரீட்டின் வலிமையைக் குறிக்கும் அளவு) போதும். வாங்கும்போது இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்கவேண்டும். விளிம்பை நகத்தால் சுரண்டினால் மணல் உதிர்கிறதா? அந்தக் கல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், அடித்தளத்தில் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். கல் ஆடுவதும் அமுங்குவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, 4 அங்குலம் ஜல்லி பரப்பி அதையும் இறுக்கி, மேலே ஒன்றரை அங்குலம் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) போடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் இருக்கட்டும். ஓரத்துக் கல்லைச் சிமெண்டில் பதித்தால் மற்றவை நகராது. இடுக்குகளில் மணலை மட்டும் கூட்டித் தள்ளுங்கள். மழைத்தண்ணீர் கொஞ்சமாவது மண்ணுக்குள் இறங்கும், உடைந்த கல்லையும் தனியாகப் பெயர்த்து மாற்றலாம்.

அதற்காகப் பத்துக் கல் கூடுதலாகவே வாங்கி வையுங்கள்; அதே நிறம் பிறகு கிடைப்பது கஷ்டம்.